வானம் இருக்கா?

குடிநீர் வாரியத்தின் பழுதுபார்ப்புப் பிரிவில் அவருக்கென்று ஒரு பெயர் உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. பெரிய இன்ஜினியரிலிருந்து கேண்டீனில் டீ போடுகிறவர் வரை எல்லாருக்கும் அவர் நொடி. எதைக் கேட்டாலும் "ஒரு நொடி" என்று ஆரம்பிப்பார். அந்த ஒரு நொடி சில சமயம் சாயங்காலம் வரை நீளும். வீட்டுக் காரியம் எதற்கும் அவர் நேரத்துக்குப் போனதாகச் சரித்திரம் இல்லை. மகளின் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மனைவி அதற்காகச் சண்டை போடுவதை எப்போதோ விட்டுவிட்டாள். "ஊர்க் குழாய்க்கெல்லாம் நேரம் பாத்துக் குடுக்கறவர் வீட்டுக் கடிகாரத்தை மட்டும் ஏன் பாக்க மாட்டேங்கறார்னு தெரியல" என்று அவர் காதில் விழும்படி யாரிடமாவது சொல்வதோடு சரி.

ஊர்க் குழாய்க்கு நேரம் பார்ப்பது என்று அவள் சொன்னது வேடிக்கைக்கு இல்லை. அவருடைய உத்தியோகமே அதுதான். மண்ணுக்கடியில் போகிற குழாயில் எங்காவது விரிசல் விட்டால் தண்ணீர் சீறும். அந்தச் சீறல் மேலே நிற்கிற மனுஷனுக்குக் கேட்காது. ஆனால் இரும்புக் குழாய் வழியே இரண்டு பக்கமும் ஓடும். தெருவின் இந்த முனை வால்வுக் கம்பத்தில் ஒரு பெட்டி, அந்த முனை வால்வுக் கம்பத்தில் ஒரு பெட்டி என்று பொருத்தி வைத்தால், இரண்டும் கேட்டுக்கொண்டே இருக்கும். எந்தப் பெட்டிக்குச் சத்தம் முதலில் வந்தது, மற்றதற்கு எவ்வளவு பிந்தி வந்தது என்று கணக்குப் போட்டால், விரிசல் எந்த வீட்டு வாசலுக்கு நேரே என்று சொல்லிவிடலாம். தெரு முழுக்கத் தோண்டி எல்லாரிடமும் வசவு வாங்க வேண்டியதில்லை. ஒரு வீட்டுக்காரரிடம் வாங்கினால் போதும்.

இதில் ஒரே ஒரு சங்கடம். குழாயில் சத்தம் ஓடுகிற வேகத்துக்குக் கண்ணை மூடித் திறப்பதற்குள் தெருவைத் தாண்டிவிடும். ஆகவே இரண்டு பெட்டிகளின் கடிகாரமும் இம்மி பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். அதனதன் போக்கில் விட்டால் கடிகாரங்கள் ஒத்துப்போகவே போகாது. பாகம் பிரித்த அண்ணன் தம்பி மாதிரி நாளாக ஆக ஆளுக்கொரு பக்கம் நகர்ந்துவிடும். அதனால் வழக்கை மேலே கொண்டுபோக வேண்டியிருந்தது. ரொம்ப மேலே. செயற்கைக்கோள்கள் அனுப்புகிற நேர சிக்னலை ஒவ்வொரு பெட்டியும் கம்பத்து உச்சியில் இருக்கும் சின்ன ஆன்டெனாவில் பிடித்து, நொடிக்கு நொடி தன்னைத் திருத்திக்கொள்ளும். ஒன்றையொன்று பார்க்காத இரண்டு பெட்டிகள் ஒரே வானத்தைப் பார்த்துச் சமாதானமாக இருக்கும்.

ஒரே நிபந்தனை, ஆன்டெனாவுக்குத் திறந்த வானம் தெரிய வேண்டும். பிரிவில் அதற்கு 'வானம் பார்த்த பெட்டி' என்றே பெயர். அளவெடுக்கும் முன் இந்த முனையில் இருக்கிறவர் அந்த முனையில் இருக்கிறவரை ஃபோனில் கூப்பிட்டு "வானம் இருக்கா?" என்று கேட்பார். அவர் பெட்டியின் கதவைத் திறந்து விளக்கைப் பார்ப்பார். பச்சை விட்டு விட்டு மின்னினால் வானம் இருக்கு. பச்சை அசையாமல் நின்று எரிந்தால், பெட்டி வானத்தைத் தொலைத்துவிட்டுத் தன் ஞாபகத்தில் குத்துமதிப்பாக ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நல்லதற்கும் பச்சை, கெட்டதற்கும் பச்சை. இப்படி ஒரு விளக்கை வைத்த புண்ணியவான் யாரோ, அவரைத் தேடிப்பிடித்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று நொடி பிற்காலத்தில் எத்தனையோ தடவை நினைத்ததுண்டு.

நொடிக்கு ஒரே அக்கா. அம்மாவும் அப்பாவும் சீக்கிரமே போய்விட்டதால், அவருக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியது, காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது, டிப்ளமோ படிக்க வைத்தது எல்லாம் அவள்தான். தன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்தாள். அங்கே தையல் மெஷின் ரிப்பேருக்கு வந்தவர்தான் அத்தான். சிரிக்க வைத்தே சம்மதம் வாங்கினார் என்று சொல்வார்கள். "தம்பியும் கூடவே வருவான், பரவாயில்லையா?" என்று அக்கா கேட்டதற்கு, "இலவச இணைப்பா? வரட்டும்" என்றாராம். நொடி என்று பெயர் வைத்தவரும் அவர்தான். அது எப்படியோ ஆபீசுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஒரு சந்தில் சுவரோடு சுவராக ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்று அவர்களுடையது. முன்னறைதான் அத்தானின் பட்டறை. சுவர்ப் பலகைகளில் கழற்றிய மெஷின் தலைகள், தரையில் எண்ணெய்க் கறை, ஜன்னலோரம் ஒரு நீளமான மேசை. வேலை கிடைக்கும்வரை நொடி அந்த மேசைக்கு அடியில்தான் படுத்துத் தூங்கினார். காலையில் எழுந்தால் தலையில் ஒரு ஸ்க்ரூவாவது ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த வீட்டுக்கு ஒன்று என்றால் அவரால் உட்கார்ந்திருக்க முடியாது.

அந்தச் சந்தில் தண்ணீர் வேகம் குறைந்துவிட்டது என்று புகார் வந்தது. வழக்கமாகக் கூட வரும் கூட்டாளி லீவு. ஆள் வந்ததும் போகலாமே என்றுதான் இன்ஜினியர் சொன்னார். நொடிக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு நொடி கூடத் தாமதிக்காமல், விடிந்த கையோடு ஜீப்பில் ஏறிவிட்டார். சந்தின் உள்முனைப் பெட்டியிடம் தான் நின்றுகொண்டு, மெயின் ரோட்டு முனைப் பெட்டிக்கு டிரைவரை அனுப்பினார். "பெட்டிகிட்ட நில்லுங்க. நான் ஃபோன்ல கேட்டா பதில் சொல்லுங்க, அது போதும்."

"வானம் இருக்கா?" என்று கேட்டார்.

டிரைவர் நல்ல மனுஷர். வாரியத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். ஆனால் அவர் உத்தியோகம் ஸ்டீரிங்கோடு முடிந்தது. பெட்டியைத் திறந்து பார்த்தவர் இல்லை. மழை வருமா என்று கேட்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தார். கடமை தவறாதவர் என்பதால் நடுரோட்டுக்கு வந்து அண்ணாந்து ஒரு சுற்றுப் பார்த்துவிட்டே பதில் சொன்னார்.

"இருக்கு சார். பளிச்சுனு இருக்கு. ஒரு பொட்டு மேகம் இல்ல."

அந்தப் 'பளிச்சுனு' ஒன்றே போதும். விளக்கைப் பார்த்தவர் மின்னுது என்பாரே தவிர பளிச்சுனு இருக்கு என்று சொல்ல மாட்டார். நொடிக்கு அது காதில் விழுந்தது. சிரிப்புக்கூட வந்தது. இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம். ஆனால் அக்கா வீட்டு ஜன்னல் கண்ணெதிரே இருந்தது, மனசு ஏற்கெனவே அங்கே போய்விட்டது. அளவை எடுத்துவிட்டார்.

விரிசல் அக்கா வீட்டு முன்சுவருக்கு நேர் கீழே என்று கைக்கருவியின் திரை காட்டியது. நொடி திரையை அணைக்கக்கூட இல்லை. கதவைத் தட்டவில்லை, தள்ளிக்கொண்டே உள்ளே போனார்.

"அக்கா, எல்லாரும் வெளிய வாங்க. உங்க வீட்டுக்கு அடியிலதான் இருக்கு. எவ்வளவு நாளா மண்ணை அரிச்சிட்டிருக்கோ தெரியல."

அத்தான் ஒரு மெஷின் தலையைக் கவிழ்த்துப் போட்டு ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தார். "இந்த ஒண்ணை மட்டும் முடிச்சிட்டு..."

"அப்புறம் பாத்துக்கலாம் அத்தான். எழுந்திருங்க."

"அதிசயமா இருக்கே. நொடியே அவசரப்படறான்" என்று அக்காவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, ஸ்க்ரூ டிரைவரோடு அப்படியே எழுந்து வந்தார்.

சந்து மெயின் ரோட்டில் சேருகிற முனையில் ஒரு ஜெராக்ஸ் கடை. சந்துப் பக்கச் சுவரை ஒட்டி ஒரு சிமெண்ட் பெஞ்சு. வருகிறவர்களுக்கு வெயில் படக்கூடாது என்று கடைக்காரர் முந்தின நாள் சாயங்காலம்தான் கடையைச் சுற்றித் தகரக் கூரை இறக்கியிருந்தார். மெயின் ரோட்டுப் பக்கம் நிற்கிற வாரியத்துக் கம்பமும் நனையாமல் இருக்கட்டுமே என்று, பாவம், அதையும் சேர்த்து மூடியிருந்தார். அத்தானைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து அந்தப் பெஞ்சில் உட்காரவைத்தவர் நொடிதான். மேலே ஒரு தரம் பார்த்தார். நல்ல நிழல் என்று நினைத்தார். வானத்தை வைத்துப் பிழைக்கிற மனுஷனுக்குத் தலைக்கு மேலே தகரம் இருக்கிறதே என்று தோன்றவில்லை.

தோண்டுகிறவர்கள் வந்து அக்கா வீட்டு வாசலைப் பெயர்த்தார்கள். முன்னறைத் தரையில் பாதி போயிற்று. உள்ளே மண் மாவு மாதிரிக் காய்ந்து கிடந்தது. குழாயைத் துடைத்துப் பார்த்தார்கள், சொட்டு ஈரம் இல்லை. நொடி ஒரு கைப்பிடி மண்ணோடு வாசலுக்கு வந்தார். அக்காவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே தெருமுனையைப் பார்த்தபோது, அவர் கண்ணெதிரே பெஞ்சு இறங்கியது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. ஈரத் துணியைத் தரையில் போட்டது போலத்தான் இருந்தது. அத்தான் இடுப்பு வரை பள்ளத்தில் இருந்தார். பெஞ்சு அவருடைய வலது கால்மேல் கிடந்தது. ஸ்க்ரூ டிரைவர் இன்னும் கையில் இருந்தது.

நொடி ஓடினார். யாராக இருந்தாலும் அப்படித்தான் ஓடுவார்கள். ஆனால் பள்ளத்துக்கு அருகே போனபோது மேலே தகரம் கண்ணில் பட்டது. இந்தத் தடவை தகரமாகவே பட்டது. அவர் கால்கள் நிற்கவில்லை. அத்தானைத் தாண்டி, முனையில் திரும்பி, கம்பத்தடிக்குப் போய், பெட்டியின் கதவைத் திறந்தார். பச்சை அசையாமல் நின்று எரிந்துகொண்டிருந்தது.

ராத்திரி முழுக்க வானம் தெரியாமல் கிடந்த பெட்டி, ஒரு நொடியை இருபது கூறு போட்டால் வருகிற ஒரு கூறு அளவுக்குப் பிசகியிருந்தது. குழாயில் ஓடுகிற சத்தத்துக்கு அது ஆறு வீட்டுத் தூரம். அரித்துப்போன இடம் அந்தப் பெஞ்சுக்கு அடியில்தான் இருந்தது. பத்திரமாக இருந்த வீட்டிலிருந்து எழுப்பி, ஆபத்தின் மேலே கொண்டுபோய் அவரே உட்காரவைத்திருக்கிறார். கதவைப் பிடித்தபடி எவ்வளவு நேரம் நின்றார் என்று அவருக்குத் தெரியவில்லை. திரும்பி வந்தபோது, டிரைவரும் தோண்டுகிறவர்களும் கடப்பாரை போட்டு நெம்பி அத்தானை மேலே தூக்கியிருந்தார்கள்.

விசாரணை நடந்தது. பழி தகரத்தின்மேல் விழுந்தது. தகரம் எதிர்த்துப் பேசாது என்பதால் எல்லாருக்கும் அது வசதியாக இருந்தது. தான் மேகத்தைத்தான் பார்த்தேன் என்று டிரைவர் போகிற இடமெல்லாம் சொல்லி வருத்தப்பட்டார், நாளடைவில் அதையே ஜோக்காகவும் சொன்னார். துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்தவர்கள் நொடியின் தோளைத் தட்டி, "உன் நேரம் சரியில்லப்பா, என்ன செய்ய" என்றார்கள். நேரம் சரியில்லாமல் போனதுதான் உண்மையிலேயே நடந்தது என்பது சொன்னவர்களுக்குத் தெரியாது. நொடிக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் எழுந்து எங்காவது போய்விடலாம் போலிருக்கும்.

அத்தான் பிழைத்தார். வலது முழங்கால் அதற்குப் பிறகு மடங்கவில்லை. ரிப்பேர் செய்த மெஷினை ஓட்டிப் பார்க்க அவரால் பெடலை மிதிக்க முடியாது. அக்கா உட்கார்ந்து மிதிப்பாள், அவர் ஊன்றுகோலில் சாய்ந்து நின்று ஊசி ஏறி இறங்குவதைக் கேட்பார். "ஒரே ஒரு எழுத்துதான்டா வித்தியாசம். நீ நொடி, நான் நொண்டி" என்று நொடியைப் பார்த்துச் சிரிப்பார். டிரைவர் சொன்ன ஜோக்கைக் கேட்டதிலிருந்து, நொடியை எப்போது பார்த்தாலும் வணக்கத்துக்குப் பதில் "வானம் இருக்கா?" என்பார்.

அதையெல்லாம் நொடி தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது வேறு ஒன்று. வீட்டுக்கு யார் வந்தாலும் அத்தான் அவரைக் காட்டி, "இதோ இவன் அன்னிக்கு ஓடிப்போய் ஆள் கூட்டிட்டு வரலேன்னா, காலோட நின்னிருக்காது, ஆளே போயிருப்பேன்" என்பார். வலியில் என்னவோ தப்பாக நினைத்துக்கொண்டுவிட்டார் என்று நொடி எண்ணினார். திருத்த வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் வாயெடுப்பார். "அப்படி இல்ல அத்தான்" வரை வரும். அத்தான் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு முதுகில் தட்டுவார்.

அக்காவோ பேச்சைக் குறைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை போனால் டீ வரும், பேச்சு வராது. குழந்தை நல்லா இருக்கா, மழை வருது குடை எடுத்துட்டுப் போ, அவ்வளவுதான். வருஷங்கள் இப்படியே ஓடின. வீட்டை உடைத்தது, மெஷின் தப்பாகச் சொன்னது, அத்தானின் கால் எல்லாம் சேர்ந்து அவளுக்கு ஆறவில்லை என்று நொடி நினைத்துக்கொண்டிருந்தார்.

ஓய்வு பெறுகிற மாதம் வந்தது. அதற்குள் வாரியத்தில் புதுப் பெட்டிகள் வந்துவிட்டன. வானம் தெரியாவிட்டால் சிவப்பு எரியும், அளவே தராது. "வானம் இருக்கா?" என்று கேட்க வேண்டிய தேவையே போய்விட்டது. பழைய பெட்டிகளைக் கழற்றுகிற வேலையில், ஜெராக்ஸ் கடைக் கம்பத்துப் பெட்டியை மட்டும் தானே கழற்றுவதாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். அன்றைக்கு அத்தானிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு. மனைவியிடம்கூடச் சொல்லிவிட்டே கிளம்பினார்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, தகரம் எப்போதோ போய்விட்ட கம்பத்தில் ஏணி போட்டு ஏறி ஆன்டெனாவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கீழே அக்கா வந்து நின்றாள்.

"வயசான காலத்துல எதுக்கு ஏணியில ஏறற? வேற ஆள் இல்லையா?"

அவள் தானாக வந்து இவ்வளவு நீளமாகப் பேசி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அந்தத் தைரியத்தில் நொடி சொல்லிவிட்டார்.

"அக்கா, இன்னிக்கு அத்தான்கிட்ட ஒண்ணு சொல்லப் போறேன். அன்னிக்கு நான் ஆள் கூப்பிட ஓடல. இந்தப் பெட்டியைப் பாக்கத்தான் ஓடினேன்."

"தெரியும்" என்றாள் அக்கா.

நொடியின் கை ஸ்பேனரோடு நின்றது.

"நான் உன் பின்னாலயே வந்தேன். யாரையோ கூப்பிடத்தான் ஓடறன்னு நெனச்சேன். இங்க திரும்பிப் பாத்தா, நீ கதவைத் தொறந்து வச்சிக்கிட்டு நிக்கற. தம்பின்னு கூப்பிட்டேன். உனக்குக் கேக்கல. ரெண்டாவது தடவை கூப்பிடல நான்."

"அக்கா..."

"திரும்பிப் போனா, அவர் என் கையைப் புடிச்சிக்கிட்டு, தம்பி எங்கேன்னு கேக்கறார். மண்ணு இன்னும் சரிஞ்சிட்டே இருக்கு. நான் என்ன சொல்றது? ஆள் கூட்டிட்டு வரப் போயிருக்கான், இதோ வந்துடுவான்னேன். அதைப் புடிச்சிக்கிட்டுத்தான் அவர் தாக்குப்பிடிச்சார்."

மெயின் ரோட்டில் ஒரு பஸ் போகும்வரை அவள் நிறுத்திக்கொண்டாள்.

"மெஷின் தப்பா சொன்னதுக்கு உன்னை நான் ஒரு வார்த்தை சொன்னேனா? வேலைன்னா தப்பு வரும். அவர் பள்ளத்துல கெடக்கறப்ப நீ அவரைத் தாண்டிப் போன பாரு, அதுதான்டா எனக்கு இன்னும் அடங்கல."

"அதனாலதான் சொல்லிடறேன்னு..."

"சொன்னா உன் பாரம் எறங்கும். எறங்கி எங்க போகும்? அவர் தலையிலதான் ஏறும். மச்சான் ஓடினான் மச்சான் ஓடினான்னு சொல்லிச் சொல்லித்தான் அவர் இந்தக் காலோட தெருவுல நடமாடறார். அதையும் புடுங்கிடாத. நான் வாயை மூடிக்கிட்டு இருக்கல்ல? நீயும் இரு."

நொடிக்கு அழுகை வந்தது. ஓய்வு பெறப்போகிற மனுஷன் ஏணியின் பாதியில் நின்றபடி, மூக்கை முழங்கையில் துடைத்துக்கொண்டு அழுதார். அக்கா அவளாக வந்து கண்ணைத் துடைத்துவிடுகிற வயசெல்லாம் எப்போதோ போய்விட்டது. அவள் கீழே நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சந்துக்குள்ளிருந்து ஊன்றுகோல் சத்தம் வந்தது. அத்தான் முனையில் திரும்பி, வெயிலுக்குக் கையைப் புருவத்தில் வைத்து மேலே பார்த்தார். கூட வந்த ஜெராக்ஸ் கடைக்காரரிடம், "என் மச்சான். நான் சொல்வேனே, ஓடினவன், இவன்தான்" என்றார். பிறகு குரலை உயர்த்தினார்.

"யாரு, நொடியா? வானம் இருக்கா?"

பேட்டரியைக் கழற்றியாகிவிட்டது. பெட்டிக்குள் விளக்கே எரியவில்லை. நொடி அக்காவைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

"இருக்கு அத்தான்."

"பளிச்சுனு இருக்கா?"

"பளிச்சுனு இருக்கு" என்றார் நொடி.

அத்தான் ஊன்றுகோலைத் தட்டிச் சிரித்தார். அக்கா கிட்டே வந்து, ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.